ஓவர்லே நெட்வொர்க்: மேலடுக்கா, படர்வலையா?

கணினிச் சொற்களைத் தமிழாக்கும் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ஓவர்லேக்கு ‘மேலடுக்கு வலை’ என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமே. இரண்டு வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறோம்.

போகலாம்தான் ஐயா. ஆனால் நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கையேட்டில் ஓவர்லே, அதாவது ஏற்கெனவே இருக்கும் வலையின் மேல் உண்டாக்கும் இன்னொரு வலை, பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே ஆவணத்தில் ஒன்றாக எழுதுவதற்கான மென்பொருள் அது. நடுவில் வழங்கி (சர்வர்) எதுவும் கிடையாது. அவரவர் கணினிகளே ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பேசிக்கொள்ளும். எப்படி அது நடக்கிறது என்று கேட்கும் மாணவருக்குக் கிடைக்கும் முதல் விளக்கமே இந்தச் சொல்தான். அது தப்பான படத்தை மனத்தில் வரைந்துவிட்டால் பிறகு எத்தனை பத்தி எழுதினாலும் அழியாது. அதனால் இன்னொரு நீண்ட மடலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலடுக்கில் எனக்குள்ள சிக்கல் ‘அடுக்கு’தான். லேயருக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கணினிகள் பேசிக்கொள்ளும் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகள் என்று பாடம் நடத்துகிறோம். ‘மேலடுக்கு’ என்றால் அந்த ஏழில் மேலே உள்ள ஒன்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். தரவு மையத்தில் வேலை செய்யும் கோவை நண்பர் போன வாரம் விஎக்ஸ்லேன் பற்றிக் கேட்டிருந்தார். 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த அந்த முறையில், இரண்டாம் அடுக்கின் ஈதர்நெட் சட்டங்களை (ஃபிரேம்) யூடிபி என்ற நெறிமுறையின் பொட்டலங்களுக்குள் வைத்து மூன்றாம் அடுக்கின் மேல் அனுப்புகிறார்கள். அதுவும் ஓவர்லேதான். அங்கே ‘மேலடுக்கு’ என்று எழுதினால், மேலடுக்கில் இருப்பது கீழடுக்கு என்று சொல்ல வேண்டிவரும்! எழுதிப் பார்த்தேன். எனக்கே இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது.

சரி, ஓவர்லே என்பது உண்மையில் என்ன? ஒரு வலை ஏற்கெனவே இருக்கிறது. அதன் கம்பிகளையும் திசைவிகளையும் (ரௌட்டர்) தொடாமல், அதன் மேல் வேறொரு உறவுமுறையை உண்டாக்கிக்கொள்கிறோம். யாருக்கு யார் அண்டை என்பதை இந்தப் புது வலை தானே முடிவு செய்கிறது.

நடு வழங்கி இல்லாமல் தேட உதவும், 2001-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட கார்ட் நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஒவ்வொரு கணினிக்கும் ஹாஷ் என்ற கணக்கீட்டின் வழியாக 160 பிட் எண் ஒன்று கிடைக்கும். எல்லா எண்களும் ஒரு வட்டத்தில் வரிசையாக உட்காரும். வட்டத்தில் மதுரைக் கணினிக்கு அடுத்து டொரண்டோக் கணினி உட்காரலாம், அதற்கடுத்து கொழும்பு. நிலத்தில் உள்ள தூரத்துக்கும் வட்டத்தில் உள்ள தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வட்டத்தில் ஒரு தாவல் என்பது அடியில் பதினைந்து திசைவிகளைக் கடந்த பயணமாக இருக்கலாம். மேலே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு கணினியும் எல்லாரையும் நினைவில் வைப்பதில்லை. அடுத்தவர், அப்புறம் வட்டத்தில் இரட்டித்து இரட்டித்துப் போகும் தூரங்களில் சிலர், அவ்வளவுதான். அதை வைத்தே ஆயிரம் கணினிகளுக்கு நடுவில் தேட ஏறத்தாழ 10 தாவல் போதும். பத்து லட்சம் ஆனாலும் 20 தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த புடலைப் பந்தல்தான் நினைவுக்கு வரும். மூங்கிலும் கயிறும் கட்டிய பந்தல் ஒரு வலை. கொடி அந்தப் பந்தலைப் பற்றிக்கொண்டுதான் ஏறும், பந்தல் இல்லாத இடத்துக்குப் போக முடியாது. ஆனால் எந்தப் பக்கம் வளைவது, எங்கே கிளைப்பது என்பதெல்லாம் கொடியின் கையில். பந்தலின் கயிற்று முடிச்சுகள் வேறு, கொடியின் கணுக்கள் வேறு. வலையில் இணைந்த ஒவ்வொரு கணினியையும் குறிக்கும் நோடுக்குக் ‘கணு’ என்று நாம் முன்பே சொல்லி வருகிறோம், அது கொடிக்கும் கரும்புக்கும் உரிய சொல். அதன் பக்கத்தில் உட்காரத் தகுந்த சொல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: ஓவர்லேக்குப் படர்வலை. அதைத் தாங்கும் அண்டர்லேக்குத் தாங்குவலை.

இரண்டும் வினைத்தொகை. படர்ந்த வலை, படர்கின்ற வலை, படரும் வலை. கணினிகள் சேர்ந்துகொண்டும் விலகிக்கொண்டும் இருக்க, நேற்று இருந்த உருவம் இன்று இல்லாத ஒரு வலைக்குக் காலம் காட்டாத தொகைச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. இரட்டையாக வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே வலை ஒரு இடத்தில் படர்வலை, இன்னொரு இடத்தில் தாங்குவலை. மோடம் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குப் போன நாட்களில் தொலைபேசி வலைதான் தாங்கியது, இணையம் அதன் மேல் படர்ந்தது. இப்போது கோப்புகளைப் பகிரும் பிட்டொரண்ட் போன்றவற்றுக்கு இணையம் தாங்குவலை.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் நெட்வொர்க்கை வலையமைப்பு என்போம். பிணையம் என்றால் எங்கள் மாணவருக்கு நீதிமன்றம்தான் ஞாபகம் வரும்.

தமிழ்நாட்டிலும் பங்குச் சந்தைச் செய்திகளில் பிணையம் வேறு பொருளில் வருகிறது. ஆகவே உங்களோடு நிற்கிறேன். ‘வலை’ என்று சுருக்கிவிட்டால் இரு கரையிலும் யாருக்கும் நெருடாது. விரித்து எழுத வேண்டிய இடத்தில் படர் வலையமைப்பு என்று நீங்கள் எழுதுங்கள், பொருள் மாறாது.

அடுத்து, பியர்: இப்படிப்பட்ட வலையில் பங்கேற்கும் ஒவ்வொரு கணினி. இதில்தான் குழுமம் ‘நிகர்’, ‘சகா’ என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நானும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்.

‘நிகர்’ அழகான தமிழ்ச்சொல், மறுக்கவில்லை. ஆனால் ‘நிகர்நிலை’ என்றதும் எல்லாருக்கும் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், சின்னத் தடை. பெரிய தடை பொருளில் இருக்கிறது. நிகர் என்றால் வலிமையில் சமம் என்று படுகிறது. இந்த வலைகளில் சமம் என்பது பங்கேற்கும் உரிமையில்தான், சுமக்கும் பாரத்தில் இல்லை. 1999-இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுக் கோப்புகள் பயனர்களிடையே நேராகப் போயின, ஆனால் எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் நடுவே ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 2001-இல் வழக்கில் அதை நிறுத்தியதும் எல்லாமே நின்றது. 2000-இல் வந்த நூட்டெல்லாவில் நடுப்பட்டியலே இல்லை. அண்டையிடம் கேட்பார்கள், அண்டை தன் அண்டையிடம் கேட்கும். கூட்டம் பெருகியபோது கேள்விகளே வலையை அடைத்தன. அதனால் வலுவான இணைப்பு உள்ள கணினிகள் மற்றவர்களுக்காகவும் சுமக்கும் ஏற்பாடு வந்தது. 2003-இல் தொடங்கிய ஸ்கைப்பும் அப்படித்தான், சில பயனர்களின் கணினிகள் சூப்பர்நோடாக நின்று மற்றவர்களை இணைத்துவிட்டன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2001-இல் வெளியிட்ட ஜக்ஸ்டா என்ற பியர் வலை நெறிமுறைத் தொகுப்பில் ராண்டவூ பியர் என்றே தனி வகை உண்டு: புதிதாக வருபவர் மற்றவர்களைக் கண்டுபிடிக்க உதவுவது.

இவற்றை ‘மூத்த நிகர்’, ‘சந்திப்பு நிகர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூத்தவர் எப்படி நிகராவார்? சகா என்று வைத்தால் மூத்த சகா, சந்திப்புச் சகா, விலகிய சகா எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. ஒரே பக்கம் நிற்பவர், ஒரே வேலையில் தோள் கொடுப்பவர் என்பதுதான் இங்கே வேண்டிய பொருள். வடமொழி வேர் என்ற தடையை எழுப்பியவர்களை மதிக்கிறேன். ஆனால் டீக்கடையிலும் தொழிற்சங்கத்திலும் விளக்கம் இல்லாமல் புரியும் சொல் அது. ‘இணையர்’ வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துவிட்டோம், அது கணவன் மனைவிக்குப் போய்விட்டது.

மிடில்வேருக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் மாநாட்டின் அறிக்கையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அப்போதும் இப்போதும் பொருள் ஒன்றுதான்: இயங்குதளத்துக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் இருப்பது. வன்பொருள், மென்பொருள் வரிசையில் இடைப்பொருள். நம் கையேட்டில் சகாக்களைக் கண்டுபிடிப்பது, வீட்டுத் திசைவியின் முகவரி மாற்றத்தைத் தாண்டி வழி உண்டாக்குவது, செய்திகளை வரிசை கலையாமல் சேர்ப்பது எல்லாம் இடைப்பொருளின் வேலை. எழுதுபவர் எழுத்தை மட்டும் பார்க்கிறார். இருவர் ஒரே வரியை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்பது தனி இழைக்கு உரியது, அதை இங்கே இழுக்கவில்லை.

இன்னும் ஒன்று கையில் நிற்கிறது: சர்ன். சகாக்கள் ஓயாமல் வருவதும் போவதுமாக இருப்பது. கடைதல் என்று யாரோ பட்டியலில் போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள், மோர் நினைவுக்கு வருகிறது. ‘போக்குவரத்து’ டிராஃபிக்குக்குப் போய்விட்டது. ‘வரத்துப்போக்கு’ என்று திருப்பிப் போடலாம் என்று தோன்றியது. பேச்சில் இருக்கும் சொல்தான். ஆனால் அவசரமாகப் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வாரோ என்ற பயம் இருக்கிறது. யாழ்ப்பாண நண்பரே, உங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். அதுவரை அந்த இடத்தில் ‘சகாக்கள் வந்துபோவது’ என்று விரித்தே எழுதியிருக்கிறேன்.