உதவி: விறகு அடுப்பைப் பற்றவைத்தாலே அறை முழுக்கப் புகை

கூதிர்காலம்:
அவசரம். வீட்டைச் சூடாக்குவதற்கு ஓர் இரும்பு விறகு அடுப்பு பொருத்தியிருக்கிறேன். பழையது, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. பற்றவைத்ததும் புகை குழாயில் ஏறாமல் கதவு வழியாக அறைக்குள் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மறுபடி விறகு போடக் கதவைத் திறந்தால் திரும்பவும் புகை. குழாயில் அடைப்பு இல்லை, பார்த்துவிட்டேன். இன்று இரவுக்குள் சரிசெய்ய வேண்டும், குளிர் தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

காய்ந்தகிளை:
ஈர விறகு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் பிரச்சினை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டரை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்க்காதீர்கள். கட்டையைப் பிளந்து புதிதாகத் தெரியும் பக்கத்தில் குத்துங்கள்.

மேல்காற்று:
குழாய் எவ்வளவு உயரம்? கூரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகவா? எத்தனை வளைவு? விட்டம் என்ன? இதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சாளரம்:
அடுப்பங்கரையிலோ குளியலறையிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? இறுக்கமாக மூடிய வீட்டில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அதை ஈடுகட்டும் காற்று அடுப்புக் குழாய் வழியாகத்தான் உள்ளே இறங்கும். எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். புகை நின்றால் காரணம் அதுதான்.

பட்டறைமூத்தவர்:
வாரத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது. இந்த மன்றத்தின் பழைய இழைகளை (உரையாடல்களை) தேடிப் படித்திருந்தாலே போதும். அடுப்பின் பின்பக்கம் ஒரு தகடு இருக்கும். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், குழாய் எந்த அளவு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அடுப்பு வைப்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது?

கூதிர்காலம்:
தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது, எழுத்து எதுவும் இல்லை. குழாய் 6 அங்குலம், அடுப்பின் வாயும் அதே அளவு. அடுப்பிலிருந்து மேலே போய், வளைந்து, சுவர் வழியாக வெளியே போய், மறுபடி வளைந்து மேலே ஏறுகிறது. கூரை விளிம்புக்குச் சற்றுக் கீழே முடிகிறது. ஃபேன் ஓடவில்லை. சுவரைப் பற்றிக் கவலை இல்லை, டைல் ஒட்டியிருக்கிறது. அடுப்புக்கும் சுவருக்கும் 8 அங்குலம் இருக்கும்.

மேல்காற்று:
புகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குழாய் உயரம் போதாது. கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். 10 அடி தொலைவுக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். அடுப்பிலிருந்து உச்சி வரை மொத்தம் 15 அடியாவது இருந்தால்தான் இழுப்பு, அதாவது குழாய் புகையை மேலே இழுப்பது, நன்றாக இருக்கும். உங்களுடையது கூரை விளிம்பையே தாண்டவில்லை. போதாததற்கு வெளியே குளிரில் நிற்கும் குழாய். அதற்குள் இருக்கும் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும், முதல் புகையால் அதைத் தள்ள முடியாது. அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்துச் சரியாகிறது.

காய்ந்தகிளை:
சரி, ஆனால் விறகு என்ன மரம்? பைன் மாதிரி பிசின் உள்ள மரம் என்றால் குழாயில் கிரியோசோட் (புகையிலிருந்து படியும், தீப்பிடிக்கக்கூடிய கறுப்புப் படிவு) படிந்து நாசமாகிவிடும்.

உலைக்களம்:
கூதிர்காலம், டைலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? செங்கலா, கான்கிரீட்டா, மரச்சட்டத்தில் அடித்த பலகையா? சுவரில் குழாய் நுழையும் ஓட்டையை எப்படிச் செய்தீர்கள்? பதில் சொல்லும் வரை பற்றவைக்க வேண்டாம்.

பனித்துளி:
பைன் எரித்தால் கிரியோசோட் என்பது தவறு. மரத்தின் வகை காரணமே இல்லை. ஈரமான விறகு, காற்றைக் குறைத்துப் புகைய விடுவது, குளிர்ந்த குழாய், இந்த மூன்றும்தான் காரணம். குளிர்நாடுகளில் பைனும் ஸ்புரூஸும் தவிர வேறு மரமே கிடைக்காத ஊர்கள் இருக்கின்றன. அங்கே காலங்காலமாக அதைத்தான் எரிக்கிறார்கள்.

காய்ந்தகிளை:
காலங்காலமாக எரிக்கிறார்கள், குழாயையும் அடிக்கடி சுத்தம் செய்கிறார்கள். கடின மரம் மெதுவாக நின்று எரியும், கங்கு நிற்கும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

பனித்துளி:
கங்கு நிற்பது வேறு, கிரியோசோட் வேறு. ராத்திரி முழுக்க நிற்க வேண்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்குகிறார்களே, அந்தக் கடின மர ஆட்களின் குழாயில்தான் தார் மாதிரி படிகிறது. அது தீப்பிடித்தால் குழாய்க்குள் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

பட்டறைமூத்தவர்:
இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

கூதிர்காலம்:
டைலுக்குப் பின்னால் ஜிப்சம் போர்டு, அதற்குப் பின்னால் மரச்சட்டம். குழாய்க்குச் சரியான அளவில் ஓட்டை போட்டு, சுற்றிலும் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறேன், காற்று வராது. அடுப்பு நன்றாகப் பிடித்த பிறகு டைலில் கை வைக்க முடியவில்லை, ஆனால் டைல் எரியாதே?

உலைக்களம்:
நண்பரே, அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்று இரவு வேறு வழியில் சூடு தேடிக்கொள்ளுங்கள். புகை சின்னப் பிரச்சினை, சுவர்தான் பெரிய பிரச்சினை.

டைல் எரியாது, உண்மை. ஆனால் சூட்டைத் தடுக்காது, அப்படியே பின்னால் கடத்தும். ஜிப்சம் போர்டும் அப்படித்தான். மரச்சட்டத்தின் மேல் நேராக ஒட்டிய டைல் சுவரை எரியக்கூடிய சுவர் என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். தகடு இல்லாத அடுப்புக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் புகைபோக்கித் தரநிலையான என்.எஃப்.பி.ஏ 211 கேட்பது 36 அங்குல இடைவெளி. ஒற்றைச் சுவர் குழாய்க்கு (காப்பு இல்லாத, ஒரே தகட்டால் ஆன குழாய்) 18 அங்குலம். உங்களிடம் அடுப்புக்கு 8, குழாய்க்கு ஓட்டையில் பூஜ்யம்.

பல வாரம் சூடு வாங்கிய மரம் உள்ளுக்குள் மெல்லக் கரியாகும். அப்படி மாறிய மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதல் குளிர்காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று இல்லை. சுவருக்குள் பிடித்த தீ வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

அடுப்பைத் தள்ளி வைக்க இடம் இல்லை என்றால் இரும்புத் தகட்டு மறைப்பு போடலாம். சுவரிலிருந்து 1 அங்குலம் விலகி, எரியாத தாங்கிகளில் நிற்க வேண்டும். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் காற்று ஏறிக்கொண்டே இருப்பதுதான் வேலை செய்கிறது. சரியாகச் செய்தால் 36 அங்குலம் 12 ஆகக் குறையும். தகட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தால் ஒரு பயனும் இல்லை.

சுவர் வழியாக ஒற்றைச் சுவர் குழாய் போகவே கூடாது. அந்த இடத்துக்கும் வெளியே முழுவதற்கும் காப்புள்ள இரட்டைச் சுவர் புகைபோக்கி வேண்டும், அதற்கென்று உள்ள சுவர்க் கூடு (குழாய் மரத்தைத் தொடாமல் சுவரைக் கடக்க வைக்கும் உறை) வழியாக. மரத்துக்கும் அதற்கும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி, பெரும்பாலும் 2 அங்குலம். முடிந்தால் வளைவே இல்லாமல் நேராகக் கூரை வழியாகக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் குழாய் சூடாகவே இருக்கும், புகைப் பிரச்சினையும் அதோடு தீரும். உங்கள் பகுதிக் கட்டட விதிகளையும் வீட்டுக் காப்பீட்டையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாளரம்:
கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? புகை அலாரம் அதற்குப் பதில் ஆகாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அறைக்குள் திரும்பும் வீட்டில் அதுவும் திரும்பும். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே போங்கள்.

மேல்காற்று:
குழாயைத் திரும்பப் பொருத்தும்போது ஒவ்வொரு இணைப்பிலும் மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். கிரியோசோட் வழிந்தால் அடுப்புக்குள் விழும், வெளியே சொட்டாது. பலர் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். இணைப்புக்கு மூன்று திருகு. படுக்கையாகப் போகும் பகுதிக்கு அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம் கொடுங்கள்.

பட்டறைமூத்தவர்:
உலைக்களம் சொன்னது முழுவதும் சரி. தரைக்கும் எரியாத பலகை வேண்டும், கதவுக்கு முன்னால் 18 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

காய்ந்தகிளை:
விறகு என்ன மரம் என்று இன்னும் சொல்லவில்லை.

கூதிர்காலம்:
அணைத்துவிட்டேன். ஓட்டையைச் சுற்றிச் சிமென்ட்டை உடைத்துப் பார்த்ததில் மரச்சட்டம் பழுப்பாக மாறியிருக்கிறது, ஓரிடத்தில் கறுப்பு. அலாரம் வாங்கியாகிவிட்டது. கூரை வழியாகக் கொண்டுபோக ஆள் வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

உலைக்களம்:
நல்லவேளை. கறுத்த சட்டத்தை அப்படியே விட்டு மூட வேண்டாம், அந்தத் துண்டை வெட்டி எடுத்து மாற்றச் சொல்லுங்கள். ஜிப்சம் போர்டை இன்னும் கொஞ்சம் திறந்து, மேலே எவ்வளவு தூரம் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தீர்களா? படம் போட முடியுமா?

பனித்துளி:
படம் வந்ததா?