சுகியாகி: பெயருக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

விசில்மகள்:
காலையில் ஷேவ் செய்யும்போது அப்பா எப்போதும் ஒரே மெட்டைத்தான் விசிலடிப்பார். என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, ரேடியோவில் கேட்டது என்பார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு பழைய பாடல் தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று அதே மெட்டு வந்தது. பாடியவர் கியூ சகாமோட்டோ, பாட்டு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அவரும் நடுவில் விசிலடிக்கிறார்! தலைப்பு 'சுகியாகி' என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால் அது மாட்டிறைச்சி போட்டுச் சமைக்கும் ஒரு உணவாம். குரலில் இருக்கும் சோகத்துக்கும் உணவுக்கும் என்ன தொடர்பு? ஒரு சொல்கூடப் புரியாமல் அமெரிக்கர்கள் இதைப் பாடல் தரவரிசையில் எப்படி முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்?

கீழ்வானம்:
தொடர்பே இல்லை, சகோதரி. ஜப்பானிய மொழி படித்த காலத்தில் நான் முதலில் மனப்பாடம் செய்த பாட்டு இது. உண்மையான தலைப்பு 'உஏ ஓ முய்தே அருகோ'. 'நிமிர்ந்து பார்த்தபடி நடப்போம்' என்று பொருள். எதற்காக நிமிர வேண்டும்? கண்ணில் நிற்கும் நீர் கீழே விழக்கூடாது என்பதற்காக. எழுதியவர் ரொகுசுகே எய், இசை ஹச்சிதாய் நகமுரா. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960-ல் ஜப்பானில் பெரிய போராட்டம் நடந்தது. அது தோற்றுப்போன வேதனையில் பிறந்த வரிகள் இவை. ஆனால் பாட்டில் அரசியல் ஒரு சொல்லாகக்கூட இல்லை. காதலில் தோற்றவனும் தன் பாட்டு என்றுதான் நினைப்பான். அந்தப் போராட்டம் யாருடைய ஒப்பந்தத்தை எதிர்த்ததோ, அந்த நாட்டிலேயே பாட்டு முதல் இடம் பிடித்தது. எனக்கு இன்றும் ஆறாத வியப்பு இது.

ஜப்பானில் 1961-லேயே வெளியாகிவிட்டது. அதைக் கேட்டுப் பிடித்துப்போன ஒரு பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர், கென்னி பால் ஜாஸ் குழுவை வைத்து மெட்டை மட்டும் பதிவு செய்தார். நீளமான தலைப்பு ஆங்கிலேயர் வாயில் நுழையாது என்று, அவர்களுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். அப்புறம் அமெரிக்காவில் சகாமோட்டோவின் அசல் பதிவே அதே பெயரில் வந்தது. 1963 ஜூனில் மூன்று வாரம் முதல் இடம். சகாமோட்டோ 1985-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 43.

தட்டுசேகரன்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கப் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியல் அன்று கடைகளின் விற்பனையையும் ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்பியதையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. இரண்டுமே பெரும்பாலும் கேட்டு வாங்கிய தகவல்தான். பார்கோடு வழியாக விற்பனையை எண்ணும் முறை 1991-ல்தான் வந்தது. அதனால் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவருக்குப் பாட்டு பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் போட்டால் போதும், கேட்டவர்கள் கடையில் போய் விசாரிப்பார்கள். மொழி தெரியாதது தடையாக இல்லை, மெட்டு பிடித்துக்கொண்டது. இதற்கு ஆங்கில வரிகள் எழுதி 1981-ல் வேறொரு குழு பாடியது. அதுவும் மூன்றாம் இடம் வரை போனது.

நடுநிசி:
சகாமோட்டோவுக்கு அவர் பெயராவது நின்றது. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா 1939-ல் பாடிய 'ம்பூபே'யின் கதையையும் படித்துப் பாருங்கள். பதிவின்போது அந்த நொடியில் தோன்றிப் பாடிய ஒரு சிறு மெட்டு, 1961-ல் ஆங்கில வரிகளோடு வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அவரோ 1962-ல் வறுமையில் இறந்தார். மகள்கள் வழக்குப் போட்டு உடன்பாடு கண்டது 2006-ல். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

விசில்மகள்:
எல்லோருக்கும் நன்றி. கீழ்வானம் சார், தலைப்பின் பொருளைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. கழுத்துப் பக்கம் ஷேவ் செய்ய வரும்போதுதான் அப்பா விசிலை ஆரம்பிப்பார், முகத்தை நன்றாக மேலே தூக்கியபடி. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்ப முடியுமா? பாடக் கற்றுக்கொள்ள வேண்டும்.