லத்தியில் புழு தெரிந்ததா? உங்கள் குதிரைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பிடரிமயிர்:
எங்களிடம் இருப்பது இரண்டே உருப்படி. உயரமான வெள்ளைக் குதிரை ஒன்று, பீப்பாய் மாதிரி ஒரு மட்டக்குதிரை. வெள்ளைக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம், ரோமமும் மங்கிப் போயிருந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: "வயித்துல பூச்சி." நானும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து பேஸ்ட் வாங்கி, வெள்ளைக்கு நிறைய, மட்டத்துக்கு மிச்சம் மீதி என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மருந்து வேலை செய்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொள்வேன்.

புது டாக்டர் ஒருவர் வந்தார். "மருந்து இருக்கட்டும், முதல்ல லத்தி கொண்டாங்க" என்றார். போட்ட சூட்டோடு ஒரு கைப்பிடி, காற்றுப் போகாமல் கட்டிய கவரில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். வெயிலில் கிடந்தால் புழுவின் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வந்துவிடும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும்.

அவர் அதை எடைபோட்டு, உப்பு கரைந்தது போதும் போதும் என்கிற அளவுக்கு அடர்த்தியான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டுக்குள் சொட்டுவிட்டார். முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடுமாம். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி உருண்டைகள். வெள்ளைக்கு ஒரு கிராம் லத்தியில் 50 முட்டை. மட்டத்துக்கு 1,150. வளர்ந்த குதிரைகளில் 200க்குக் கீழே இருந்தால் குறைவு, 500ஐத் தாண்டினால் அதிகம் என்பது அவர் கணக்கு.

கொழுகொழுவென்று இருந்ததுதான் மேய்ச்சல் நிலத்தில் முட்டையை விதைத்துக்கொண்டிருந்தது! ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குதிரைகளே ஏறக்குறைய எண்பது சதவீத முட்டைகளைப் போடும் என்றார். வெள்ளை ஏன் இளைத்தது என்கிறீர்களா? வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தி மாதிரி, கன்னத்தின் உட்பக்கம் புண். தீனித்தொட்டியடியில் அரைகுறையாக மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடந்ததை நான் தினமும் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை. பல்லை ராவிவிட்டதும் தேற ஆரம்பித்தது.

உங்களுக்கு எப்படி? எதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள்?

குட்டித்தாய்:
நான் மோசமான கதையோடு வருகிறேன் அண்ணா.

ஐந்து மாதக் குட்டி. வயிறு மட்டும் பானை, மற்றதெல்லாம் எலும்பு. அதற்குச் சில வாரம் முன்னால் இருமல் வேறு. சளி என்று விட்டுவிட்டேன். உருண்டைப்புழுவின் லார்வா, அதாவது இளம்புழு, ஈரல், நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் குடலுக்குத் திரும்பி வருமாம், பிறகுதான் தெரிந்தது. யாரையும் கேட்காமல் முழு டோஸ் மருந்தை வாயில் ஏற்றிவிட்டேன். புழுக்களை ஒரேயடியாக மரத்துப்போகச் செய்கிற வகை அது.

சாயங்காலம் குட்டி படுத்தது, எழுந்தது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது, பிறகு உருள ஆரம்பித்தது. டாக்டர் வந்து மூக்கு வழியே வயிற்றுக்கு டியூப் விட்டு, வலிக்கு ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, ராத்திரி முழுக்க கூடவே இருந்தார். செத்த புழுக்கள் ஒன்றாகச் சேர்ந்து சிறுகுடலை அடைத்துக்கொண்டிருந்தன. மறுநாள் வெளியே வந்தவை பென்சில் கனத்தில், வெள்ளையாக, ஒரு சாணுக்கு மேல் நீளம். பிழைத்தது என் அதிர்ஷ்டம். இப்படி அடைத்துக்கொண்ட குட்டிகள் ஆபரேஷன் வரைக்கும் போகும், போயும் பிழைக்காததும் உண்டு.

வயிறு உப்பிய குட்டிக்குப் புழுச்சுமை அதிகம் என்று சந்தேகம் இருந்தால் எந்த மருந்து என்பதை டாக்டரே சொல்லட்டும். மெதுவாகக் கொல்கிற ஃபென்பெண்டசோலில் அவர்கள் ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, குட்டிகளின் உருண்டைப்புழு பல இடங்களில் ஐவர்மெக்டின் மருந்துக்கு அசைவதே இல்லை. மாக்ஸிடெக்டின் என்கிற மருந்தைச் சின்னக் குட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த ஈற்றுக்கு இரண்டரை மாதத்தில் முதல் மருந்து, பால் மறக்கும் சமயத்தில் லத்தியைச் சோதித்துவிட்டு இரண்டாவது. லாயத்துச் சுவரையும் தேய்த்துக் கழுவினேன். அந்த முட்டை பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வால்தேய்ப்பான்:
எங்களுடையது சின்ன விஷயம். வாலின் மேல்பாகத்தைக் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து ரோமம் துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. பேன் என்று நினைத்து இரண்டு தடவை ஷாம்பு போட்டேன். லத்திச் சோதனையில் பூஜ்யம்.

கீரிப்பூச்சி! நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வருவதன் குதிரைச் சொந்தம். அது ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலில் முட்டையைப் பூசிவிட்டுப் போவதால் லத்தியில் அகப்படாது. செல்லோடேப்பை அங்கே ஒட்டி எடுத்துப் பார்த்தால் தெரியும். மருந்தோடு தினமும் அந்த இடத்தை நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப்போட வேண்டும். அதே ஸ்பாஞ்சால் முகத்தையும் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் தைரியமாகச் சொல்கிறேன்.

பழைய சேணம்:
எனக்கு இந்த எண்ணிக்கை வேலையெல்லாம் புரியவில்லை தம்பி. முப்பது வருஷமாக வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் மருந்து. ஒன்றும் ஆனதில்லை.

லாடம்:
ஐயா, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வீம்புக்கு, மருந்து கொடுக்கும் அன்றைக்கு ஒரு லத்தி, சரியாகப் பதினான்காம் நாள் இன்னொன்று கொடுத்தேன். முன்னால் 700. பின்னால் 600. மருந்து ஃபென்பெண்டசோல், அளவும் சரி. நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு அப்படியே இருக்கிறது. அந்த மருந்தைத்தான் வருஷக்கணக்காக ஊட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாகாமல் தப்பியவை மட்டுமே குட்டிபோட்டால் வேறென்ன நடக்கும்? சின்ன ஸ்ட்ராங்கைல் என்கிற குடல்புழுவில் ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு உலகம் பூராவும் இருக்கிறது. புது வகை மருந்தும் வரிசையில் நிற்கவில்லை. இருக்கிறதைத் தேய்த்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

அதற்காக எண்ணிக்கையையே வேதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. குடல் சுவருக்குள் தூங்கும் இந்தப் புழுவின் லார்வா முட்டை போடாது, இரண்டு வருஷம்கூட அப்படியே கிடக்கும். கூட்டமாக விழித்து வெளியே வந்தால் வயிற்றுப்போக்கில் குதிரை ஒரு வாரத்தில் உருக்குலைந்துவிடும், அதுவும் இளசுகளில். நாடாப்புழுவும் இந்தச் சோதனைக்கு ஒழுங்காகச் சிக்காது. அதற்கு ரத்தம் அல்லது எச்சில் பரிசோதனை தனி, மருந்தும் பிராசிகுவாண்டெல் தனி.

குட்டித்தாய்:
ஒன்று விட்டுப்போச்சு. பேஸ்டைத் துப்பினால் கீழே விழுந்ததைக் கழுவிவிடுங்கள். எங்கள் நாய் நக்கிவிட்டுத் தள்ளாடியது. ஐவர்மெக்டின் சில ஜாதி நாய்களுக்கு, முக்கியமாக கோலி (collie) வகைக்கு, உயிருக்கே உலை வைக்கும்.

பிடரிமயிர்:
"மிச்சம் மீதி" கொடுத்தேன் என்று மேலே எழுதினேனே, அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டத்தைக் கண்ணால் பார்த்து 180 கிலோ என்று வைத்திருந்தேன். டாக்டர் டேப்பை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார்: 150 செ.மீ. தோள்முனையிலிருந்து பின்சப்பை முனை வரை 130. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் 246 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் அதற்கு 49 மில்லிகிராம் போக வேண்டும். நான் அவ்வளவு நாளும் 36ஐ இலக்காக வைத்துக்கொண்டு, துப்பியதுபோக அதிலும் குறைவாக ஊட்டியிருக்கிறேன். புழுவைக் கொல்லாமல் பழக்கிவிட்டிருக்கிறேன்.

இப்போது வெள்ளைக்கு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ டோஸ், மட்டத்துக்கு மட்டும் எண்ணிப் பார்த்து மேற்கொண்டு. மேய்ச்சலில் லத்தியை வாரத்துக்கு இரண்டு தடவை அள்ளுகிறோம், முதுகு ஒடிகிறது. பதினான்காம் நாள் எண்ணிக்கை நாளைக்கு. லத்தி ஃப்ரிட்ஜில் இருக்கிறது, வீட்டில் யாரும் இன்னும் பார்க்கவில்லை.