பழைய டஸ்ட்டருக்கு ஏ/டி டயர்: இரண்டு தடவை வாங்கிய கதை

டஸ்ட்டர்காரர்:

என் வண்டி 2013 மாடல் ரெனோ டஸ்ட்டர், முன்சக்கர இழுவை மட்டும்தான். நான்கு டயரிலும் பட்டன் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து மொட்டையாகப் போகிற நேரத்தில், இந்தத் தடவை ஏ/டி, அதாவது ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஆகும் 'ஆல் டெரெய்ன்' டயர் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். மாதத்தில் இரண்டு முறை மண் பாதையில் போக வேண்டியிருக்கிறது என்று வீட்டில் காரணம் சொன்னேன். நிஜக் காரணம், அந்த முரட்டுப் பட்டன் வண்டிக்குத் தரும் தோற்றம்.

கம்பெனி அளவு 215/65 ஆர்16: அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம். நான் வாங்கியது 215/70 ஆர்16, அதுவும் எல்டி, அதாவது இலகுரக லாரி வகை. 65-க்கும் 70-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் தெரியும்: டயரின் மொத்த விட்டம் 686 மி.மீ.யிலிருந்து 707 மி.மீ. ஆகிறது. வண்டி உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதி, ஏறத்தாழ 11 மி.மீ. ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 100 காட்டும்போது நிஜ வேகம் 103. இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் என் வண்டியின் முன் ஸ்பிரிங் வயதாகித் தொய்ந்திருந்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் டயர் 'சர்ர்' என்று உரசும். புது வண்டியில் இடிக்காத அளவு பழைய வண்டியில் இடிக்கும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது எடை. சந்தேகம் வந்து, உடல் எடை பார்க்கும் மெஷினில் கழற்றிய டயரையும் புது டயரையும் வைத்துப் பார்த்தேன். ஒரு டயருக்கு 4 கிலோ கூடுதல்! சக்கரத்தில் சுழலும் எடை ஆளைப் போலச் சும்மா உட்கார்ந்து வராது. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் அதையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டுக்கு முதல் கியர் தேவைப்பட்டது.

காற்றழுத்தத்திலும் ஏமாந்தேன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, வண்டியோடு வந்த சாதா கார் டயருக்கானது. அதே அழுத்தத்தில் எல்டி டயர் அத்தனை பாரம் தாங்காது. கூடுதல் காற்று வேண்டும். கூட்டினேன். தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு அது சேர்ந்துகொண்டு முதுகெலும்பை எண்ண வைத்துவிட்டது.

ஏழு மாதத்தில் அவற்றை விற்றுவிட்டு, கம்பெனி அளவிலேயே கார் வகை ஏ/டி வாங்கினேன். இந்தத் தடவை முதலில் வண்டியைப் பார்த்தேன்: சக்கரத்தைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் மூன்றையும் மாற்றி, அப்புறம் டயர், அதற்கப்புறம் அலைன்மென்ட். எல்டியைக் குறை சொல்ல மாட்டேன். கூர்மையான கல் நிறைந்த தடத்தில் பாரத்தோடு போகிறவருக்கு அந்தத் தடித்த பக்கச்சுவர் வேண்டும். எனக்கு வேண்டியது மழை பெய்த மண் பாதையில் வழுக்காமல் வீடு வந்து சேர்வது. அவ்வளவுதான்.

விட்டாராக்காரர்:

என் வண்டி பழைய சுசுகி கிராண்ட் விட்டாரா, டயர் 225/65 ஆர்17. என் தவறு வேறு ரகம். பின் டயர் இரண்டு மட்டும் மோசமாக இருந்ததால் இரண்டே இரண்டு ஏ/டி வாங்கிப் பின்னால் போட்டேன். முன்னால் பழைய சாதா டயர், பட்டன் ஆழம் 4 மி.மீ. மிச்சம். பின்னால் புதுசு, 10 மி.மீ. விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். இது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால், அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் நடு டிஃபரென்ஷியல் கியருக்கு நேர் ரோட்டில்கூட ஓய்வே கிடையாது. அந்த டிஃபரென்ஷியலுக்கு லாக் போட்டு, அதாவது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டி, கெட்டித் தரையில் கொஞ்ச தூரம் நகர்த்தினேன், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி இறுகியது. அன்றே மற்ற இரண்டையும் மாற்றினேன். ஆல் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் வாங்கினால் நான்காக வாங்குங்கள், 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள்.

18 வருட வண்டிக்காரர்:

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏ/டி போட்ட நாளிலிருந்து 60-க்கு மேல் 'ஊம்ம்' என்று ஒரு ரீங்காரம். பட்டன் பெரிது, சத்தம் வரத்தான் செய்யும் என்று நானும் பழகிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அது கூடியது. டயர் தேயத் தேய சத்தமும் ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடன் வந்த மச்சான்தான், "மாமா, இது ரோடு மாறினாலும் மாறவே இல்லையே" என்றான்.

அங்கேதான் விஷயம் இருந்தது. டயர் சத்தம் தரைக்குத் தரை மாறும். வழவழப்பான தாரில் ஒரு சுருதி, சொரசொரப்பான கான்கிரீட்டில் வேறு சுருதி. வீல் பியரிங் சத்தம் தரையைக் கண்டுகொள்ளாது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்குத் தக்கபடி மாறும். காலி ரோட்டில் மெதுவாக இடப்பக்கம் வளைத்தேன், சத்தம் ஏறியது. வலப்பக்கம் வளைத்தேன், அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே வலது பக்க பியரிங். ஜாக்கியில் தூக்கி முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டொக் டொக்' என்றது. புது டயரின் சத்தம் மூன்று மாதம் அதை மறைத்து வைத்திருந்திருக்கிறது. பழைய வண்டிக்கு ஏ/டி போடுகிறவர்கள், போடுவதற்கு முன்பே பியரிங்கைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் எது எதன் சத்தம் என்று பிரிப்பது கஷ்டம்.

பனி ரோட்டில் ஓட்டுபவர்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டயரில் 'எம்+எஸ்' (மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும்) என்று அச்சிட்டிருந்தால் பனிக்கு ஆகும் என்று நம்பி ஒருமுறை பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியவன் நான். அது பட்டன் வடிவத்தை வைத்துப் போடுவது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால்தான் பனியில் சோதனை செய்து தேறிய டயர். அதுவும் முழுப் பனிக்கட்டி ரோட்டில் குளிர்கால டயருக்கு ஈடாகாது.

டஸ்ட்டர்காரர்:

விட்டாரா அண்ணா, நல்லவேளை நீங்கள் சொன்னீர்கள். ஸ்டெப்னியை நான் மறந்தே போயிருந்தேன். எல்டி ஓட்டிய ஏழு மாதமும் ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடந்தது. முன்னால் பஞ்சராகியிருந்தால் முன் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஒரு பக்கம் 686, மறுபக்கம் 707! இப்போது ஐந்தும் ஒரே அளவு. நேற்று ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தேன். பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4112. 2012-இன் 41-ஆவது வாரம் தயாரானது, வண்டியோடு வந்ததேதான். பட்டன் புதுசு போல இருக்கிறது, ஆனால் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் ரப்பர் விரிசல் விட்டிருக்கிறது. மறுபடியும் ஒரு டயர் வாங்க வேண்டும் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.