உப்புக்காத்துல பிடிச்சுக்கிட்ட இன்ஜினை உடைக்காம பிரிப்பது: வடசென்னை கராஜ் அனுபவப் பகிர்வு

திருவொற்றியூரிலிருந்து:

வார்ப்பிரும்பு பேரல் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) போட்ட பழைய புல்லட் 350, நாலஞ்சு வருஷம் கிக் அடிக்காம நின்னா, இந்தப் பக்கம் பிஸ்டன் பிடிச்சுக்கிறது சகஜம். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கின பிறகு இதே திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. இதே ஊர் உப்புக்காத்துதான் அதைத் தின்னவும் செய்யுது. இன்ஜின் நின்ன இடத்துல ஒரு வால்வு லேசா திறந்திருந்தாப் போதும். சைலன்சர் வழியாவோ கார்புரேட்டர் வழியாவோ ஈரக்காத்து உள்ளே போய், பிஸ்டனைச் சுத்தி இருக்கிற இரும்பு ரிங்கையும் இரும்பு பேரலையும் துருவாலேயே ஒட்டிடும்.

கிக்கர் மேல ஏறி மிதிக்கிறதுதான் பெரிய தப்பு. பிஸ்டன் அசையாது, கிக்கர் ராட்செட்டு பல்லுதான் போகும். அப்புறம் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கணும்.

பிளக்கைக் கழட்டி, ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு பிஸ்டன் எங்கே நிக்குதுன்னு பாருங்க. அசிட்டோன் ஒரு பங்கு, ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற எண்ணெய்) ஒரு பங்கு. இது ரெண்டும் தானா கலந்து நிக்காது, ஊத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நல்லா குலுக்கணும். 30 முதல் 40 மில்லி ஊத்தி, பிளக் ஓட்டையைக் கார்க்கால அடைங்க. அடைக்கலைன்னா அசிட்டோன் ஆவியாப் போயிடும். தினமும் கொஞ்சம் ஊத்தி அஞ்சாறு நாள் விடுங்க.

அப்புறம் டாப் கியர்ல போட்டு, சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க. டாப் கியர்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு: ஃபர்ஸ்ட்ல போட்டா சக்கரத்துல கொடுக்கிற விசை கிராங்குக்குப் போறதுக்குள்ள ரொம்பக் குறைஞ்சிடும். அரை மில்லிமீட்டர் அசைஞ்சாலும் அன்னிக்கு நிறுத்திடுங்க. மறுபடி ஊத்தி, மறுநாள் ஆட்டுங்க. பிஸ்டன் உச்சியிலயோ அடியிலயோ நின்னிருந்தா இந்த வழி உதவாது. கனெக்டிங் ராடும் கிராங்கும் ஒரே கோட்டுல இருக்கிறதால சக்கரத்தை எவ்வளவு ஆட்டினாலும் தள்ளுற விசை பிஸ்டனுக்கு வராது. அப்போ ஹெட்டைக் கழட்டியே ஆகணும்.

ஹெட்டு வந்த பிறகு, 65 மில்லிமீட்டர் அகலத்துக்கு உருண்டையா வெட்டின மரக்கட்டையை பிஸ்டன் மேல வச்சு, சுத்தியால ஓரத்தைச் சுத்தி மாத்தி மாத்தித் தட்டுங்க. நடுவுல இரும்பு வச்சு அடிச்சா பிஸ்டன் தலை விரிசல் விடும். தட்டும்போது சத்தத்தைக் கவனிங்க. ஒட்டியிருக்கிற வரைக்கும் கல்லுல அடிக்கிற மாதிரி கணீர்னு கேட்கும். விட ஆரம்பிச்சதும் சத்தம் தணிஞ்சு மொத்துன்னு ஆகிடும். அங்கேயே சுத்தியை வச்சுட்டு இன்னொரு தடவை ஊத்துங்க.

காசிமேட்டிலிருந்து:

அண்ணே சொன்னதோட சூடு பத்தியும் சேர்த்துக்கணும். படகு இன்ஜின் வேலையில தினம் பார்க்கிறது இதுதான்: அலுமினிய கேஸ்ல (இன்ஜின் உறையில) இரும்பு ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி). நடுவுல உப்பு ஈரம் புகுந்தா ரெண்டு உலோகத்துக்கும் இடையில அரிப்பு நடந்து, வெள்ளைப் பொடி மரை முழுக்க அடைச்சுக்கும். ஸ்டட்டை மட்டும் முறுக்கினா அது அறுந்துதான் வரும்.

ஹாட் ஏர் கன்னால ஸ்டட்டைச் சுத்தி இருக்கிற கேஸைச் சூடு பண்ணுங்க, ஸ்டட்டை இல்லை. அலுமினியம் இரும்பை விட அதிகமா விரியும், பிடி தளரும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா சுர்ர்னு பொரியற அளவு போதும். அந்தச் சூட்டுல மெழுகுவத்தியை ஸ்டட்டு அடியில தொட்டு வையுங்க. மெழுகு உருகி, மரைக்குள்ள தானா இழுத்துக்கிட்டு இறங்கறது கண்ணுக்கே தெரியும். ரெண்டு நட்டு எதிரெதிரா இறுக்கி, ஸ்பேனரை எட்டுல ஒரு சுத்து அவிழ்த்து, திரும்ப இறுக்கி, திரும்ப அவிழ்த்து. வெள்ளைப்பொடி கறுத்த மெழுகோட சேர்ந்து வெளியே வரும்.

அசிட்டோன், பெட்ரோல் ஊத்தின இன்ஜின்ல சூடு காட்டவே கூடாது. ஒண்ணு அது, இல்லைன்னா இது. முதல்ல ஊறல் வழியை முழுசா முடிச்சு, துடைச்சு, ஒரு நாள் காத்தாட வச்சு, அப்புறம்தான் ஹாட் ஏர் கன்.

மாட்டும்போது செம்பு கலந்த ஆன்டி-சீஸ் கிரீஸை ஒவ்வொரு மரையிலயும் லேசாத் தடவிடுங்க. அடுத்த தடவை திறக்கிறவர் வாழ்த்துவார்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

மரைன்னு சொன்னதால ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டுல எல்லாம் மெட்ரிக் மரை இல்லை. இங்கிலாந்து வடிவமைப்பு, அதனால பல இடத்துல இங்கிலீஷ் மரை, இன்ச்சுக்கு 26 மரை. பின்னாடி வந்த வண்டியில கலந்து இருக்கும். மரை கேஜ் வச்சுப் பார்க்காம கடையில கொடுத்த போல்ட்டைத் திணிச்சா, ரெண்டு சுத்து சுகமாப் போகும், மூணாவது சுத்துல அலுமினிய மரை வழிச்சிக்கிட்டு வரும். அப்புறம் ஹெலிகாயில்தான் (போன மரைக்குப் பதிலா உள்ளே திருகுற கம்பிச்சுருள்) வழி.

இன்னொண்ணு: டைமிங் பக்கம், கிராங்க் நுனியில ஆயில் பம்பை ஓட்டுற வார்ம் (திருகு மாதிரி இருக்கிற பல்) இருக்கே, அது இடது மரை. வழக்கமான திசையில அவிழ்க்கிறதா நினைச்சு இன்னும் இறுக்கி உடைச்சவங்க நிறைய.

எர்ணாவூரிலிருந்து:

வெள்ளத்துல முழுகின இன்ஜினுக்குத் தனி முறை வேணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர், எர்ணாவூர் பக்கம் தண்ணியோட எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. வெளியே தார் மாதிரி ஒட்டினதை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் எடுத்துடும். ஆபத்து அதுக்கு அடியில இருக்கிற உப்பு.

நிறைய பேர் நேரா டீசல் ஊத்தி அலசறாங்க. உப்பு டீசல்லயும் ஆயில்லயும் கரையாது. தண்ணியில மட்டும்தான் கரையும். முழுகினது முகத்துவாரத்து உப்புத் தண்ணின்னா, முதல் அலசல் நல்ல தண்ணிதான். கேட்க விபரீதமா இருக்கும், ஆனா அதுதான் சரி. போர்வெல் தண்ணி வேண்டாம், தண்டையார்பேட்டை ராயபுரம் பக்கம் அதுவே உப்பு. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) பிடிச்சு ஊத்துங்க.

வரிசை இப்படி: பிளக்கைக் கழட்டாம கிக் அடிக்கவே கூடாது. தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அடியில இருக்கிற டிரெயின் போல்ட்டு எல்லாத்தையும் திறங்க. பிரைமரி செயின் கேஸும் கியர்பாக்ஸும் தனித்தனி, அதையும் மறக்காதீங்க. நல்ல தண்ணி ஒரு லிட்டர் ரெண்டு தடவை. உடனே ஐசோபுரோபைல் ஆல்கஹால் கால் லிட்டர், இது மிச்ச ஈரத்தை இழுத்துக்கும். அப்புறம் டீசலும் மலிவான இன்ஜின் ஆயிலும் சரிபாதி, அரை லிட்டர் ஊத்தி, பிளக் இல்லாம கையால 20 சுத்து. வடிக்கும்போது டீ கலர்ல பால் மாதிரி வந்தா இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம். தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். டைமிங் கவர்ல இருக்கிற ஃபெல்ட் ஃபில்டரைக் கழுவி மாட்டாதீங்க, தூக்கிப் போடுங்க. 20டபிள்யூ50 ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டி, அந்த ஆயிலையும் சூட்டோட வடிச்சிடுங்க.

இதை எல்லாம் தண்ணி வடிஞ்ச ரெண்டு நாளுக்குள்ள செய்யணும். இன்சூரன்ஸ்காரர் வரட்டும்னு வாரக்கணக்குல வைக்கிற இன்ஜின்லதான் பேரிங் போகுது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

துருவை எடுக்க ஆசிட் வேண்டாம், கரண்டு போதும். வாஷிங் சோடா லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன், பிளாஸ்டிக் பக்கெட்டுல மெட்ரோ தண்ணி. துரு பிடிச்ச சாமானை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ்ல மாட்டுங்க. பாசிட்டிவ்ல கட்டடக் கம்பித் துண்டு. ரெண்டும் தொடக்கூடாது. 2 முதல் 5 ஆம்பியர், ராத்திரி முழுக்க. சாமான்ல இருந்து நுரை கிளம்பும், அது ஹைட்ரஜன், அதனால மொட்டை மாடியில வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. மாத்தி மாட்டினா உங்க சாமான்தான் கரையும்.

கரண்டு நல்லா பாயட்டும்னு கல்லுப்பு போடறவங்க இருக்காங்க. போடாதீங்க, குளோரின் வாயு வரும். கம்பிக்குப் பதிலா எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், அதுல இருந்து விஷமான குரோமியம் தண்ணியில இறங்கும். அலுமினியம், கார்புரேட்டர், பித்தளை எதுவும் இந்தப் பக்கெட்டுக்குள்ள போகக்கூடாது. இரும்புக்கு மட்டும்தான்.

எடுத்ததும் கழுவி, ஹேர் டிரையர்ல காய வச்சு, அதே கையோட ஆயில் பூசணும். டீ குடிச்சிட்டு வரலாம்னு போனா, இந்த ஊர் காத்துல திரும்பி வர்றதுக்குள்ள ஆரஞ்சு கலர் ஏறிடும்.

ராயபுரத்திலிருந்து:

பொம்மைக் கார் கஸ்டமைஸ் பண்றவங்களுக்கும் இதே பாடம்தான், உலோகம்தான் வேற. 1:64 அளவு டைகாஸ்ட் (அச்சுல வார்த்த) கார் உடம்பு ஜமாக்ங்கிற கலப்பு உலோகம். துத்தநாகத்துல சுமார் 4 சதவீதம் அலுமினியம். பெயிண்ட்டை எடுக்க காஸ்டிக் சோடாவுல ஊறப்போட்டா, பெயிண்ட்டோட சேர்ந்து காரும் போகும். பம்பர் விளிம்பு, கண்ணாடி ஓரம் முதல்ல மழுங்கும். பாத்ரூம் ஆசிட்டும் அப்படியே, வினிகரும் அப்படியே. மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு: கார்புரேட்டரும் துத்தநாகம், அலுமினியம் கலந்த வார்ப்புதான், அதையும் காஸ்டிக்ல போடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற பித்தளை ஜெட்டை மட்டும் கழட்டி, புளித்தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டுக் கழுவலாம். ஓட்டையை ஊசியால குத்தாம, மின்வயர்ல இருந்து உருவின ஒத்தைச் செம்பு இழையால சுத்தம் பண்ணுங்க. ஊசி கீறினா ஓட்டை பெருசாகி, பெட்ரோல் அதிகமாப் போகும்.

கார் உடம்பையும் அடித்தட்டையும் சேர்க்கிற ரிவெட்டைப் பிரிக்க, நடுவுல சென்டர் பஞ்ச் அடிச்சு, 2 மில்லிமீட்டர் பிட்டுல வழி பண்ணி, 4 மில்லிமீட்டர்ல காளான் தலை மட்டும் உதிர்ற வரைக்கும் போங்க. நேரா 4 வச்சா பிட்டு வழுக்கி அடித்தட்டைக் கீறும். தூணுல 1.6 மில்லிமீட்டர் ஓட்டை, எம்2 டேப்பால (2 மில்லிமீட்டர் திருகுக்கு மரை வெட்டுற கருவி) மரை. அரை சுத்து உள்ளே, கால் சுத்து வெளியே, ஒரு சொட்டு மண்ணெண்ணெய். டேப்பு கிறீச்சுன்னா அடுத்த கால் சுத்துல உடையும், வெளியே எடுத்து பொடியைத் தட்டுங்க.

பெயிண்ட்டுக்கு நேரம் பாருங்க. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்ல தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காத்து ஈரம் அதுமேல படிஞ்சு, பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். மே, ஜூன்ல காலை ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் மேல்காத்து, அது காய்ஞ்சு இருக்கும். கடல்காத்து திரும்பின பிறகு ஸ்பிரே கேனைத் தொடாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில நாள் முழுக்க ஈரம்தான். ரிட்டார்டர் தின்னர் (மெதுவா ஆவியாகிறது) கொஞ்சம் கலக்கணும், இல்லைன்னா தை வரைக்கும் காத்திருக்கணும்.

பெரம்பூரிலிருந்து:

பிரிச்சாச்சு, துரு எடுத்தாச்சு. இனி லேத்துக்குப் போறதுக்கு முன்னாடி அளவு. புல்லட் 350 போர் (பேரலோட உள் விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. போர் கேஜ் வச்சு மேல், நடு, கீழ் மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் குறுக்கும் நெடுக்கும், ஆறு அளவு எழுதுங்க. துருப் புள்ளி கறையா இருந்தா ஹோனிங் (உள்சுவரை லேசா தேய்க்கிறது) போதும். ரிங் ஓடுற பாதையில நகம் மாட்டுதுன்னா ரீபோர்தான் (பேரலைக் குடைஞ்சு பெருசாக்கறது).

பிஸ்டனை முதல்ல வாங்குங்க, பேரலை அப்புறம் கொடுங்க. 'அரை மில்லி ஓவர்சைஸ்'னு வாய்ல சொல்லி ரீபோர் பண்ணிட்டு பிஸ்டன் தேடினா, கிடைக்கிற பிஸ்டன் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும். ரிங்கை மட்டும் பேரல்ல விட்டு, பிஸ்டனால 25 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால பாருங்க: 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர். குறைஞ்சா, சூட்டுல ரெண்டு முனையும் முட்டி, ரிங் உடைஞ்சு பேரலைக் கீறும்.

பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற முனை) பழைய வண்டியில மிதக்கும் புஷ். ராடைப் பிடிச்சு மேலும் கீழும் இழுங்க, டக்குன்னு தட்டக்கூடாது. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம், அது குறை இல்லை. இந்த புஷ்ஷுக்கு எண்ணெய்தான் உயிர், ரெண்டு நிமிஷம் வறண்டு ஓடினா போச்சு.

திருவொற்றியூரிலிருந்து:

அதனால முதல் கிக்குக்கு முன்னாடி ஃபில்டர் அறையை எண்ணெயால நிரப்பிடுங்க. டேப்பெட் (வால்வைத் தள்ளுற பகுதி) இடைவெளி பார்க்கிறது குளிர்ந்த இன்ஜின்ல, கம்ப்ரஷன் உச்சியில: புஷ்ராடு விரலால சுழலணும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ராக்கருக்குப் போற எண்ணெய்க் குழாயோட பேஞ்சோ போல்ட்டை (உள்ளே எண்ணெய் ஓடுற ஓட்டை இருக்கிற போல்ட்டு) அரை சுத்து தளர்த்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுற லீவர்) பிடிச்சுக்கிட்டு, பிளக் இல்லாம நிதானமா கிக் அடிங்க. அம்பது அறுபது கிக் ஆகலாம். போல்ட்டு ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு ஒரு சொட்டு திரண்டதும் போல்ட்டை இறுக்கி, பிளக் மாட்டுங்க. கசியலைன்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க, டைமிங் கவரைத் திறந்து பம்பைப் பாருங்க.