கல்லடி உப்புக் காற்றில் ஒரு வெளி அடுப்பு மேடை

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வளவில் மீன் சுடவும், உறவினர் கூடும் நாட்களில் நின்று சமைக்கவும் நிரந்தரமான ஓர் அடுப்பு மேடை கட்ட எண்ணியபோது, அதன் அழகைவிட அது எத்தனை மாரியைத் தாங்கும் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

வேலையை ஏற்றவர் பேக்கரிப் போறணைகள் கட்டிப் பழகிய ஒரு மேசன். நாங்கள் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "நெருப்பு எந்தக் கல்லில படப்போகுது? கச்சான் காத்து அடிக்கக்குள்ள எந்தப் பக்கம் நிப்பீங்க?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். மேடையின் மேற்பரப்புக்குக் கிரனைட்டா டைலா என்று பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, செலவு எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் கேள்விகளே காட்டின.

கரித்தணலின் வெப்பம் 600 பாகை செல்சியசைக் கடக்கக்கூடியது. சாதாரணச் சீமெந்துச் சாந்தோ 400 பாகையைத் தாண்டும்போதே சிதைந்து வலுவிழக்கத் தொடங்குகிறது. ஆகவே வெளிச்சுவரைச் சீமெந்துக் கல்லால் எழுப்பி, தணல் இருக்கும் உட்பகுதியைத் தீச்செங்கல்லால், போறணைக்குச் செய்வதுபோலக் களிமண் சாந்து வைத்துத் தனியாகக் கட்டினார். சூட்டில் உட்சுவர் விரிந்து வெளிச்சுவரைப் பிளந்துவிடாதபடி இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டார். கட்டி முடித்ததும் பெருநெருப்பு மூட்ட அவர் அனுமதிக்கவில்லை. கல்லுக்குள் தங்கிய ஈரம் திடீரென ஆவியானால் கல் வெடிக்கும் என்பதால், சிறிது சிரட்டைக்கரியை மட்டும் இட்டு, நாளுக்கு நாள் சூட்டைக் கூட்டிச் சென்றோம்.

கடல் மண்ணை அவர் கிட்டவும் சேர்க்கவில்லை. அதிலுள்ள உப்பு மேடையின் கொங்கிறீட் பலகைக்குள் இருக்கும் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் பருக்கப் பருக்கக் கொங்கிறீட் உள்ளிருந்தே வெடிக்கும். ஆற்று மண் ஏற்றிவரச் செலவு கூடினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கதவுக்கும் சுடும் கம்பித்தட்டுக்கும் 316 வகை எவர்சில்வரைத் தேடி வாங்கினோம். பரவலாகக் கிடைக்கும் 304 வகை கடலோரத்தில் விரைவில் பழுப்புப் புள்ளி கொள்கிறது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் அது உப்பை மேலும் தாங்குகிறது. நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பிவலையை மலிவு என்று தணலின்மேல் யாரும் வைக்க வேண்டாம். நாகம் 419 பாகையில் உருகிவிடும், அதன் புகை உடலுக்குத் தீங்கானது.

காற்றைப் பொறுத்தவரை, கச்சான் மேற்கிலிருந்தும் பின்னேரக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் வருவதால் மேடையைக் கிழக்கு மேற்காக நீட்டினோம். சமைப்பவர் வடக்குப் பக்கம் நிற்கிறார். புகை முகத்தில் அடிக்காமல் குறுக்கே போகிறது. கிடுகுக் கூரையை அருகில் வைக்க வேண்டாம் என்று தகரம் போட்டோம்.

காஸ் அடுப்புப் பொருத்த விரும்புவோர், சிலிண்டர் வைக்கும் அறையின் அடிமட்டத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துவாரங்கள் விடச் சொல்லுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், மேலே மட்டும் துவாரம் இருந்தால் வெளியேறாது.