புதுப்பிப்பு: சொந்த மெயில் சர்வர், ஜிமெயில் திருப்பி அனுப்பிய சிக்கல் தீர்ந்தது

மார்த்தாண்டத்தில் அண்ணன் நடத்தும் தேன் கடைக்கு நானே அமைத்த சர்வரிலிருந்து போகும் மெயிலை ஜிமெயில் ஏற்க மறுக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ‘ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைப் பாருங்க’ (ஐபி முகவரியை வைத்து சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) என்ற யோசனைதான். டொமைன் வாங்கிய இடத்தில் அதற்கான பிடிஆர் பதிவை, அதாவது ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவைப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தது என் மடத்தனம். அதை ஐபி முகவரி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பக்கத்தில்தான் போட வேண்டும். விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) பேனலில் ஐபிக்கு எதிரே ‘மெயில்’ என்று தொடங்கும் முழுப் பெயரைக் கொடுத்தேன். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் சர்வரின் பெயரைச் சொல்லும் மைஹோஸ்ட்நேமிலும், ஒரு பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் ஏ பதிவிலும் அதே பெயர். டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் அதையே காட்டுகிறது.

அப்புறமும் பாதி மெயில் திரும்பியது! சர்வரின் லாகைப் பார்த்தால் திரும்பியவை எல்லாம் ஐபிவி6 (புதிய வகை, நீளமான ஐபி முகவரி) வழியாகப் போனவை. அந்த முகவரிக்கு பிடிஆரே இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை. அதற்கும் பிடிஆர், குவாட்-ஏ பதிவு (ஐபிவி6க்கான ஏ பதிவு) இரண்டும் போட்டு, எஸ்பிஎஃப்பிலும் (டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியல்) சேர்த்ததும் சரியானது. ஐபிவி6 தேவைப்படாதவர்கள் போஸ்ட்ஃபிக்ஸை பழைய வகையான ஐபிவி4 மட்டும் பயன்படுத்தச் சொன்னாலே போதும்.

நேற்று இரவு நாகர்கோவில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில் நேராக இன்பாக்ஸில் விழுந்தது.